கதவில்லாத பட்டி

மகளே, இதை யாருக்கும் காட்டாதே. உன் அப்பாவுக்கும் வேண்டாம். அவர் யாரென்று எனக்கே இன்னும் தெரியாது. எனக்குப் பதினாறு வயது. நீ பிறக்க இன்னும் எத்தனையோ வருடங்கள் இருக்கின்றன. பிறப்பாயா என்பதும் தெரியாது. ஆனாலும் உனக்குத்தான் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த எல்லோரும் இந்த விஷயத்தில் ஏதோ ஒரு பக்கம் நிற்கிறார்கள். நீ மட்டும்தான் இன்னும் வரவில்லை. நீ வளர்ந்து, உன் கையில் ஒரு குழந்தை வரப்போகிற நேரத்தில் இதைப் படித்தால் போதும். அதுவரை வேதியியல் நோட்டின் இந்தக் கடைசிப் பக்கங்களை எங்காவது ஒளித்து வைத்திருப்பேன். உள்ளறையில் அம்மாவும் தம்பியும் தூங்குகிறார்கள். நான் தெருக்கதவை ஒட்டி, ஜீரோ வாட் பல்பின் கீழே உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் உனக்கு எங்கள் வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மொரப்பூரில் எங்கள் மாதா கோயிலுக்குப் பின்னால் தேர்ச் சாமான்கள் போட்டு வைத்திருந்த ஓர் அறை இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து ஒரு சிஸ்டர் வந்தார். இருபத்தெட்டு வயது, ரசம்கூட வைக்கத் தெரியாது. வந்த முதல் வாரமே அந்த அறையைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, முழங்கால் உயரத்துக்கு அலமாரிகள் செய்யச் சொன்னார். மூன்றிலிருந்து ஆறு வயதுக் குழந்தைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. பெஞ்சு கிடையாது, போர்டு கிடையாது, ஒப்பிக்க வேண்டிய வசனமும் கிடையாது. எல்லாமே கையால் தொடுகிற பொருள்கள். மரத்தில் செய்த செம்மறிகள், சின்னப் பீடம், சின்னக் கிண்ணம், விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் கடுகு. குழந்தைகளோடு தரையில் உட்கார ஒரு பெண் வேண்டுமென்றார். அப்போது ஒன்பதாவது படித்த நான் கையைத் தூக்கினேன். அலமாரியைத் துடைப்பது, தண்ணீர் மாற்றுவது, குழந்தை ஏதாவது செய்துகொண்டிருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது, இவைதான் என் வேலைகள். கடைசி வேலைதான் கடினம்.

அந்த வகுப்பின் முதல் பாடம் என்ன தெரியுமா? கதவைத் தட்டுவது. ஒரு விரலை மடக்கி ஒரே ஒரு தட்டு. பிறகு கையை இறக்கிக்கொண்டு நிற்க வேண்டும். கூப்பிடக் கூடாது, மறுபடி தட்டக் கூடாது. “உள்ள இருக்கிறவங்க ஏதாவது வேலையா இருப்பாங்க. முடிச்சிட்டு வந்து திறப்பாங்க. தட்டினவங்களுக்கு நிக்கிறது மட்டும்தான் வேலை” என்பார் சிஸ்டர். நாலு வாரம் இதையே செய்தோம். பக்கத்து வீட்டு டெய்சியின் அம்மா ஒருநாள் குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டார். “ஏம்மா, எம்புள்ள பாத்ரூம் கதவத் தட்டிட்டு அரை மணி நேரமா நிக்குது. உள்ள யாருமே இல்ல. காலி ரூமா இருந்தா என்ன பண்றதுன்னும் உங்க சிஸ்டரச் சொல்லிக்குடுக்கச் சொல்லு.” எல்லோரும் சிரித்தோம். டெய்சி மட்டும் சிரிக்கவில்லை. “உள்ள சத்தம் கேட்டுச்சும்மா” என்றாள். குழாய் சொட்டுகிற சத்தம்.

இந்த டெய்சியைத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்து வயது. முன்பல் இரண்டு இல்லை. நல்ல மேய்ப்பன் கதைக்காக நான் ஐஸ் குச்சிகளை ஒட்டி ஒரு பட்டி செய்திருந்தேன். வட்டமாக வேலி, நடுவில் ஒரு திறப்பு. மேய்ப்பன் ஆடுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி உள்ளே கூட்டிப்போவார். குழந்தை அதைத் தன் கையால் செய்ய வேண்டும். டெய்சி பத்து ஆடுகளையும் மெதுவாக உள்ளே விட்டாள். அதற்குப் பிறகு யாரும் சொல்லிக்கொடுக்காத ஒன்றைச் செய்தாள். மேய்ப்பனை எடுத்து, அந்தத் திறப்புக்குக் குறுக்கே படுக்க வைத்தாள். நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. “ஏன் டெய்சி, அவருக்குத் தூக்கம் வந்திடுச்சா?” என்றேன். அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். “கதவே இல்லையேக்கா. எங்க மாமா கிடை போட்டா அப்படித்தான் படுப்பாரு. நரி வந்தா மொதல்ல அவரு மேலதான் கால வைக்கணும்.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ‘நானே ஆடுகளுக்கு வாசல்’ என்று ஆண்டவர் சொன்னதைப் பூசையில் எத்தனை முறை கேட்டிருப்பேன். ஓர் ஆள் எப்படி வாசலாக முடியும் என்று ஒரு தரமும் யோசித்ததில்லை. அறுவடை முடிந்த காட்டில் மாமாவோடு கிடையில் தூங்கிய ஒரு குழந்தைக்கு அது தெரிந்திருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். சிஸ்டர் அலமாரியருகே சுவரில் சாய்ந்து, கண்களை மூடிக்கொண்டு நின்றிருந்தார்.

நான் செய்த முதல் தவறு இதற்கடுத்த வாரம். பட்டிக்குக் கதவு இல்லாதது என் குறை என்று நினைத்து, இரண்டு குச்சியை ஒட்டி, நூல் கட்டி, திறந்து மூடுகிற மாதிரி ஒரு கதவு செய்து வைத்தேன். அழகாகத்தான் இருந்தது. டெய்சி வந்தாள், கதவை ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள், போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பட்டியை அவள் தொடவே இல்லை. மேய்ப்பனுக்கு அங்கே வேலை போய்விட்டது. மகளே, உன் குழந்தை எதையாவது குறையாக விட்டிருந்தால் அதைச் சரி செய்யாதே. அந்த இடத்தில் யாரோ படுத்திருக்கலாம்.

இரண்டாவது தவறை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அலமாரியின் கோடியில், தலையில் தண்ணீர் ஊற்றித் திருச்சபையில் சேர்க்கிற ஞானஸ்நானத்துக்கான மேசை இருந்தது. பித்தளைக் கிண்ணம், வேளாங்கண்ணியில் வாங்கிய சிப்பி, ஒரு வெள்ளைத் துணி, மெழுகுதிரி, ஒரு துணிப் பொம்மை. குழந்தைகள் எல்லாவற்றையும் தொடலாம். தண்ணீரைச் சிப்பியில் அள்ளி மறுபடி கிண்ணத்திலேயே விடலாம். ஊற்றும்போது ஃபாதர் சொல்கிற அந்த வாக்கியத்தை எல்லோரும் சேர்ந்து கேட்கலாம். ஆனால் தண்ணீரையும் வாக்கியத்தையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது, பொம்மைத் தலையில்கூட ஊற்றக் கூடாது. சிஸ்டர் வைத்த கட்டளைகளில் அவர் இரண்டு தரம் சொன்னது இது ஒன்றுதான். “அது விளையாட்டில்ல. விளையாட்டாவும் ஆக்கிடக் கூடாது. எப்ப எங்க செய்யணுங்கறது பெரியவங்க பொறுப்பு” என்றார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அறையைத் துடைக்கப் போனேன். டெய்சியும் என் பின்னாலேயே வந்தாள். மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, “இத ஃபாதர் மட்டும்தான் பண்ணலாமாக்கா?” என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொள்ள ஒரு வாய்ப்பு. கோயிலில் உறுதிபூசுதலுக்குத் தயார் செய்கிற வகுப்பில் படித்திருந்தேன். “இல்ல. ஒரு பாப்பா சாகக் கிடக்குதுன்னா, பக்கத்துல யாரு இருந்தாலும் குடுக்கலாம்” என்றேன். “நானுமா?” “நீயுந்தான்.” அவள் கண்கள் விரிந்தன. அந்தக் கண்களை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்கிற பேராசையில் சிப்பியை அவள் கையில் கொடுத்தேன். பொம்மையின் தலையை இடது கையால் எப்படித் தாங்குவது, மூன்று தடவை எப்படி ஊற்றுவது, ஒரு ஊற்று முழுக்க முடிந்த பிறகே அடுத்ததை ஊற்ற வேண்டும் என்பது, கடைசியில் நெற்றியைத் துடைப்பது, அந்த வாக்கியம், எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். பாப்பாவின் அம்மா அப்பா சம்மதம் வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. எனக்குத் தோன்றவில்லை. அவள் செய்து முடித்தபோது அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. மறுநாள் சிஸ்டர், “சிப்பிய யாரு ஈரமா வெச்சது?” என்று கேட்டார். தெரியாது என்றேன்.

எங்களுடையது லைன் வீடு. ஆறு வீடு, ஒரு குழாய், ஒரு வாசல். வீட்டுக்காரர் மெத்தைக் கடை வைத்திருக்கிற பாய். மேல்மாடியில் அவரும் நஸ்ரின் அக்காவும் அவர்கள் குழந்தை ஆசிபும், பாயின் அக்காவும் இருக்கிறார்கள். ஆசிபுக்கு ஏழு மாதம். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவனுக்குக் காய்ச்சலில் வெட்டு வந்து கைகால் இழுக்க ஆரம்பித்துவிட்டது. நஸ்ரின் அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடி வந்தார். கண் மேலே சொருகியிருந்தது. ஆட்டோவுக்கு ஆள் போயிருந்தது. “எம்புள்ள போயிடுவான் போலிருக்கே, யாராவது ஏதாவது பண்ணுங்களேன்” என்று குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டார். வாசலில் பத்துப் பேர் இருந்தோம். ஆளுக்கொன்று கத்தினோம். என் கையில் குடம். குடத்தை இறக்கி வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

டெய்சி வந்தாள். குழாயடியில் கிடந்த டம்ளரில் தண்ணீர் பிடித்தாள். அக்காவின் மடிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, ஆசிபின் தலைக்குக் கீழே இடது கையைக் கொடுத்தாள். முதல் ஊற்று. அது முழுக்க வடியும்வரை நின்றாள். இரண்டாவது. மறுபடி நின்றாள். மூன்றாவது. அந்த வாக்கியத்தை ஓர் எழுத்து குறையாமல் சொன்னாள். வெள்ளைத் துணி இல்லையென்று சுற்றிப் பார்த்து, தன் கவுன் நுனியால் அவன் நெற்றியைத் துடைத்தாள். அத்தனை கூச்சலில் நடுங்காத கை அவளுடையது ஒன்றுதான். மகளே, நான் கோயிலில் எத்தனையோ பெரிய பூசைகள் பார்த்திருக்கிறேன், பிஷப் வந்த பூசைகூட. அன்றைக்குக் குழாயடியில் நின்றபோது வந்த மாதிரி ஒரு நடுக்கம் எனக்கு எங்கேயும் வந்ததில்லை. நான் பெருமைக்குச் சொல்லிக்கொடுத்ததை அவள் அன்புக்குச் செய்துகொண்டிருந்தாள். என் வழியாகப் போன ஒன்று என்னைவிடப் பெரிதாக அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தது.

ஆட்டோ வந்தது. தருமபுரி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், காய்ச்சல் இறங்கியது, மூன்றாம் நாள் ஆசிப் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான். ஆனால் மாடிப்படியில் நின்றிருந்த பாயின் அக்கா எல்லாவற்றையும் பார்த்திருந்தார், கேட்டும் இருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாய் இரண்டு பெரியவர்களோடு கோயிலுக்கு வந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் பேசினார். “நாங்க சண்டைக்கு வரலீங்க ஃபாதர். ஒரே குழாய்ல தண்ணி புடிக்கிறவங்க நாம. எம்புள்ள பொறந்த அன்னைக்கே அவங் காதுல பாங்கு சொல்லியாச்சு, பேரு வெச்சாச்சு. அதுக்கு மேல அவந் தலையில இன்னொரு வார்த்தைய ஊத்தச் சொல்லி யாருங்க அனுப்பினது? அஞ்சு வயசுப் புள்ளைக்கு அது தானா வராதுங்க.” ஃபாதர், “கொழந்தை விளையாட்டு பாய், அதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல” என்றார். பிறகு டெய்சியைக் கூப்பிட்டு, “யாரும்மா சொல்லிக்குடுத்தது?” என்று கேட்டார். டெய்சி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் தூணோரமாக நின்றிருந்தேன். அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் சிஸ்டர் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றார். “நான்தான் சொல்லிக்குடுத்தேன், ஃபாதர்.” சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஈரச் சிப்பி ஞாபகம் வந்தது. அவருக்குத் தெரியும். தெரிந்துதான் குறுக்கே படுத்துக்கொண்டார்.

அன்றைக்கு நான் தப்பித்தேன் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் சிஸ்டர் சொன்னதை நம்பியதால்தான் பாயின் முகம் மாறியது. ஒரு பெண் பெருமைக்கு உளறினாள் என்பது வேறு, கோயிலிலிருந்தே சொல்லி அனுப்பினார்கள் என்பது வேறு. எங்கள் வகுப்பு அறையைப் பூட்டிவிட்டார்கள். சிஸ்டர் நாளைக்கு விடியற்காலை ரயிலில் அவர்கள் மடத்துக்குத் திரும்பிப் போகிறார். டெய்சியின் அம்மாவிடம் பாய், “தப்பா நெனச்சுக்காதீங்கம்மா, வேற வூடு பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டார். அதைச் சொல்லும்போது அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

நேற்று குழாயடியில் நஸ்ரின் அக்கா ஆசிபை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் பேசினார். “அந்தப் புள்ள மேல எனக்குக் கோவமே இல்ல கண்ணு. நீ சின்னதா இருக்கும்போது உனக்குக் காய்ச்சல்னா உங்கம்மா எங்க பள்ளிவாசல் வாசல்ல கொண்டாந்து நிக்கல? எங்காளுங்க ஓதி உம்மேல ஊதல? அது மாதிரின்னு நெனச்சுக்கிறேன். ஆனா அவருக்கு ஒண்ணுதான் தெரியணும், எனக்கும். பாசத்துல செஞ்சுச்சா, இல்ல யாராவது அனுப்பி செஞ்சுச்சா? பாசம்னா தலையில வெச்சுக்குவோம். அனுப்பினதுன்னா இனிமே எப்படிக் கதவத் தொறந்து வெச்சுட்டுத் தூங்கறது?” இதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் நான். “எனக்குத் தெரியாதுக்கா” என்றேன்.

இன்று மாலை டெய்சி எங்கள் வாசலுக்கு வந்தாள். ஒரு தட்டு தட்டிவிட்டு நின்றாள். நான் திறந்ததும் கேட்டாள், “விளையாட்டுன்னு ஃபாதர் சொன்னாரு. விளையாட்டாக்கா அது?” ஆமாம் என்றேன். “நான் விளையாடலையே” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

சிப்பிக்கு ஒன்று, நஸ்ரின் அக்காவுக்கு ஒன்று, டெய்சிக்கு ஒன்று. சேவல் கூவுவதற்குள் ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தடவை சொன்ன சீடரைப் போல நானும் மறுத்துவிட்டேன். எங்கள் தெருவில் கோழி வளர்ப்பவர்கள் இல்லை. விடியற்காலை ரயில்தான் கூவ வேண்டும்.

அன்றைக்கு நடந்தது என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதைக் கடவுளிடமே விட்டுவிடுகிறேன். காதில் சொன்ன பாங்கும் அவருக்குக் கேட்டிருக்கும், குழாயடியில் சொன்னதும் கேட்டிருக்கும். ஆசிப் யாருடைய பிள்ளை என்பதில் அவருக்குக் குழப்பம் வராது. உனக்கு நான் சொல்ல வேண்டியது வேறு. சின்னக் குழந்தைகளுக்குச் சாமியைப் பற்றி நாம்தான் சொல்லிக்கொடுக்கிறோம் என்று நினைக்கிறோம். கிண்ணத்தையும் தண்ணீரையும் கையில் கொடுப்பது மட்டும்தான் நம்மால் முடிந்தது. அதற்குப் பிறகு அவர்கள் முழுசாக நம்புகிறார்கள். நாம் சொன்னதை நம்மைவிட முழுசாக. அதனால் ஒரு குழந்தையின் கண் விரிவதைப் பார்க்கும் ஆசைக்காக எதையும் சொல்லாதே. பாதி உண்மையைச் சொல்லி நிறுத்தாதே. அவர்கள் அதை எடுத்துக்கொண்டு போய், எங்கே உயிர் துடிக்கிறதோ அங்கே ஊற்றிவிடுவார்கள். அப்புறம் அந்தக் குழந்தையைத் தனியாக நிற்க விடாதே. நான் விட்டுவிட்டேன்.

பயமாக இருக்கிறது. சொன்னால் எங்களுக்கும் வீடு போகும். ஓசூரில் வேலை செய்யும் அப்பாவுக்குப் போன் போகும். இந்த வருடத்தோடு படிப்பு போதும் என்பார். அம்மா மாங்கூழ்க் கம்பெனியில் நாள் முழுக்க நின்று, வீங்கிய காலோடு தூங்குகிறாள். அவளை எழுப்ப மனம் வரவில்லை. ஆனால் மேய்ப்பன் எவ்வளவு நேரம்தான் வாசலில் கிடப்பார்? ஆடு ஒன்று எழுந்து வந்து, அவரை எழுந்திருக்கச் சொல்ல வேண்டாமா? சொல்ல வேண்டியதை மனதுக்குள் இருபது தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். யாரும் அனுப்பல பாய். அவ கேட்டா, நான் பெருமைக்குச் சொல்லிக்குடுத்தேன். மீதியெல்லாம் அவ பாசம். இவ்வளவுதான். ரயில் வருவதற்கு முன்னால் மாடிப்படி ஏறி, பாய் வீட்டுக் கதவை ஒரு தட்டு தட்டிவிட்டு நிற்க வேண்டும். அவர்கள் திறக்கும்வரை நிற்பேன். நிற்பேனா என்று

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். எங்கள் கதவை. ஒரே ஒரு தட்டு, அதற்கப்புறம் சத்தமே இல்லை. கூப்பிடவில்லை, மறுபடி தட்டவும் இல்லை. இந்த ஊரில் எங்கள் வகுப்புக்காரர்கள் மட்டும்தான் இப்படித் தட்டுவார்கள். சிஸ்டராக இருக்கலாம். டெய்சியாகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் நின்றுகொண்டிருக்கிறார்கள். மகளே, நான் எழுந்து